சிட்டுவின் அம்மா, மாடி, எண் பதினான்கு

வந்த பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஐந்து கடிதங்களை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.

"இதையெல்லாம் நான்தான் வரவழைக்கறேனா இல்லையான்னு நீங்க கண்டுபிடிச்சு சொல்லணும் சார்," என்றாள்.

ஆமையார் ஒரு கடிதத்தின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தபால் இலாகாவில் முப்பது வருடம், யாருக்கும் போய்ச் சேராத கடிதங்களைப் பிரித்து உரியவரைத் தேடும் பிரிவில் இருந்தவர். ஒரே உறையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார் என்று கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது, பெயரிலிருந்து கிடைக்கவில்லை. மொட்டைக் கடிதம், மிரட்டல் கடிதம், காணாமல் போன கடிதம் என்று எது வந்தாலும் ஜனங்கள் இப்போது அவர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

பக்கத்தில் அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, நோட்டும் பேனாவுமாகத் தயாராக இருந்தான். ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். தெருக்கோடியில் அவன் தலை தெரிந்தாலே தெரிந்தவர்கள் எதிர்ச் சாரிக்கு மாறிவிடுவார்கள் என்பதால் அவனிடம் நேரம் கொட்டிக் கிடந்தது. நாற்பது வயதிலும் யாருக்காவது உதவி செய்யக் கிடைத்தால் முகம் மலர்ந்துவிடும். அந்த நல்ல குணம்தான் இந்தக் கதையில் கடைசியாகக் கெடுதல் செய்யப்போகிறது.

அவன் ஒரு கடிதத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தான். தபால் மூலம் குழந்தைகள் உடுப்பு விற்கும் ஒரு கம்பெனியின் பிறந்தநாள் கடிதம். 'உங்கள் சிட்டுவுக்கு இந்த மாதம் ஏழு வயது! போன வருடக் கவுன் முழங்காலுக்கு மேலே ஏறியிருக்குமே! எவ்வளவு வேகமாக வளர்கிறார்கள் இந்தக் குழந்தைகள்!'

"நல்லா எழுதியிருக்கான். பாப்பா ஸ்கூலுக்குப் போயிருக்காளா?" என்றான்.

"ரெண்டாவது பொறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது செத்துப் போயிட்டா."

மச்சினன் கடிதத்தை எடுத்த இடத்திலேயே வைத்தான். சிரிப்பை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அந்தப் பெண் அழவில்லை. துணி அளவு சொல்வது போலச் சொன்னாள். அவள் வீட்டிலிருந்தபடியே துணி தைப்பவள். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, குழந்தையைத் தொட்டியில் வைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. இதே கம்பெனியின் பார்சல். பிறந்தநாளுக்காக அவள் கேட்டிருந்த கவுன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"ரெண்டு நிமிஷம் இருக்கும் சார். அதுக்கப்புறம் வாசல்ல மணி அடிச்சா நான் எழுந்திருக்கறதே இல்ல. தபால் பொட்டிக்குப் பூட்டுப் போட்டு சாவிய அவர் வெச்சிருக்கார். அவர்தான் எல்லாத்தையும் எடுத்துட்டு வருவார்."

"இந்தக் கடுதாசியையும் அவர்தான் எடுத்துட்டு வருவாரா?"

"ஆமா. காலைல சாப்பிடறப்ப என் தட்டுப் பக்கத்துல வெப்பார். பிரின்னு சொல்ல மாட்டார். ஒண்ணுமே சொல்ல மாட்டார்."

மச்சினன் 'கணவர் பொறுமைசாலி' என்று நோட்டில் குறித்துக்கொண்டான்.

கடிதத்தோடு ஒரு பதில் அட்டை வரும் என்று அவள் விளக்கினாள். குழந்தையின் பெயர், வயது, உடுப்பு அளவு எழுதி அனுப்பினால் பெயர் பட்டியலில் ஏறும். அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா, அந்தக் கம்பெனியில்தான் முகவரிப் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறாள். இவர்களோடு அதே வீட்டில் இருக்கிறாள். வருடா வருடம் தன் கையாலேயே பெயரை எடுத்துவிடுகிறாள். வருடா வருடம் பெயர் திரும்பி வந்துவிடுகிறது.

"வீட்டுலேர்ந்துதான் யாரோ புதுசா அட்டை அனுப்பறாங்கன்னு நாத்தனார் சொல்றாங்க. வீட்டுல நாங்க மூணே பேர். அவங்க இல்ல, அவர் இல்ல. அப்ப நீதான், தெரியாமயே எழுதறேன்னு அவர் சொல்றார். வர்ற திங்கக்கிழமை என்னை மனநல ஆஸ்பத்திரியில சேக்கப் போறார். பேசி முடிச்சாச்சு."

"நீங்க எழுதின ஞாபகம் இருக்கா அம்மா?"

"இல்ல சார்." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா ஒவ்வொரு வருஷமும் அவளுக்கு இப்ப எவ்வளவு துணி வேணும்னு மனசுக்குள்ள அளந்து பாப்பேன். தோள் இவ்வளவு, ஒசரம் இவ்வளவுன்னு. அப்படிப் பாக்கறவ எழுதியும் இருக்கலாம் இல்லயா? அதைத்தான் நீங்க சொல்லணும். நான்தான்னா பேசாம ஆஸ்பத்திரிக்குப் போயிடறேன்."

ஆமையார் உறைகளில் ஒட்டியிருந்த முகவரிச் சீட்டுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஐந்திலும் ஒரே அச்சு. சிட்டுவின் அம்மா, மாடி, எண் பதினான்கு, கீழே தெருவின் பெயர். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு எண்.

"மாடியில யார் குடியிருக்கா?"

"எங்க வீட்டுக்கு மாடியே கிடையாது சார். ஓட்டு வீடு."

"சிட்டுங்கறது?"

"வீட்டுல கூப்பிடற பேர். வெளியில யாருக்கும் தெரியாது. கவுன் கேட்டு எழுதினப்பகூட முழுப் பேர்தான் எழுதினேன்." ஏதோ நினைவு வந்து அவள் முகம் ஒரு கணம் இளகியது. "மொதல் பொறந்தநாளைக்கு மட்டும் ரெண்டு கடுதாசி வந்துது. ஒண்ணு முழுப் பேருக்கு, ஒண்ணு சிட்டுவுக்கு. கம்பெனிக்கே இவமேல ஆசைன்னு சிரிச்சோம்."

"வேற ஏதாவது கம்பெனியிலேர்ந்து வந்ததுண்டா?"

"ஒரே ஒரு தடவ. மூணு வருஷம் இருக்கும். பொம்மைக் கம்பெனி. அதை மட்டும் அவர் என் தட்டுகிட்ட வெக்கல. நாத்தனார் கையில குடுத்தார், அவங்க ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

ஆமையார் கடிதங்களை அடுக்கி ரப்பர் வளையம் போட்டார். "திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடறேன் அம்மா. அதுவரைக்கும் எங்கயும் கையெழுத்துப் போடாதீங்க," என்றார்.

*

உடுப்புக் கம்பெனியின் முகவரிப் பிரிவில் பசை வாடை அடித்தது. நீண்ட மேஜைகளில் பெண்கள் உறை மடித்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்க்கக்கூட அவர்களுக்கு நேரம் இல்லை.

மேலாளர் உற்சாகமான மனிதர். பட்டியலைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று பல வருடமாகக் காத்திருந்தவர் போலப் பேசினார். "தபால்ல வியாபாரம் பண்றவனுக்குப் பட்டியல்தான் சார் கடை. தப்பான வீட்டுக்குப் போற கடுதாசி வெறும் குப்பை. வீடு மாறினவங்க, திரும்பி வந்த உறை, வேண்டாம்னு எழுதினவங்க, எல்லாத்தையும் வாரா வாரம் பாத்துத் திருத்தறோம். ஒரே வீட்டுக்கு ரெண்டு போச்சுன்னா கழிச்சுடுவோம். ரெண்டு வருஷம் பதிலே போடலன்னா தானா பேர் போயிடும். ஏழு வயசு தாண்டினா எங்களுக்கு வேண்டாம், அந்தப் பேர்களை மத்த கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டுடுவோம். நூறு போட்டா ஒண்ணுகூடத் திரும்பி வராது."

"இந்த ஓரத்துல இருக்கற நம்பர் எதுக்கு?" என்று ஆமையார் கேட்டார்.

"பதில் அட்டை வர்றப்ப ஒரு நம்பர் குடுப்போம். பேரை எடுத்துட்டா நம்பரும் போச்சு. அதே ஆள் திரும்ப எழுதினாலும் புது நம்பர்தான். செத்ததைத் திரும்ப எழுப்பற பழக்கமே எங்ககிட்ட கிடையாது," என்று சொல்லி மேலாளர் சிரித்தார். மச்சினன் தரையைப் பார்த்தான்.

நாத்தனார் அறையின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். மேஜை துடைத்து வைத்தது போல இருந்தது; குண்டூசிகள்கூட ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தன. தம்பி மனைவியின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம் சார் அவ. நானும் எத்தனை தடவதான் எடுக்கறது. இதோ பாருங்க." நீக்கல் பதிவேட்டைத் திறந்து காட்டினாள். ஐந்து வருடமும் ஒரு வரி, குழந்தையின் முழுப் பெயர், எண் பதினான்கு, நீக்கப்பட்டது, அவளுடைய கையொப்பம். "எப்படித் திரும்பி வருதுன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

ஆமையார் அந்த வரிகளை நிதானமாகப் படித்துவிட்டு நன்றி சொன்னார். கிளம்பும்போது மேலாளரிடம், "இவ்வளவு அருமையான பட்டியல யாராவது திருடிட்டா?" என்று கேட்டார்.

"திருடினான் சார், மூணு வருஷத்துக்கு முன்னாடி இங்க இருந்த ஒரு ஆள். காப்பி எடுத்து ஒரு பொம்மைக் கம்பெனிக்கு வித்துட்டான். ஒரே வாரத்துல புடிச்சோம்."

"எப்படி?"

"அது மட்டும் தொழில் ரகசியம்," என்று மேலாளர் நாத்தனாரைப் பெருமையாகப் பார்த்தார். அவள் குண்டூசிகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் மச்சினன் பொரிந்து தள்ளினான். "அத்தான், இதுல யோசிக்கவே ஒண்ணுமில்ல. அந்தம்மாதான். இந்தக் கையால எடுக்கறாங்க, அந்தக் கையால புது அட்டை எழுதிப் போடறாங்க. நாத்தனார் வேலையப் பாத்தீங்களா."

"புது அட்டை எழுதினா நம்பர் மாறணுமே மச்சான். அஞ்சு உறையையும் பாத்தியா?"

மச்சினன் பையிலிருந்து உறைகளை எடுத்துப் பார்த்தான். ஐந்திலும் எண் ஒன்றேதான். நடுத்தெருவில் நின்று இரண்டாம் முறை பார்த்தான். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார்.

"அப்ப, அந்தப் பேர எடுக்கவே இல்ல. ஆனா பதிவேட்டுல எடுத்ததா இருக்கே. பொய்யா எழுதியிருக்காங்களா?"

"பதிவேடு பொய்யில்ல. அந்தம்மா ஒழுங்கான ஆளு. அதுதான் எனக்கு பயமா இருக்கு," என்றார் ஆமையார்.

*

கணவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். எண் பதினான்கில் அவரே கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சுத்தமான, அடக்கமான மனிதர். பேசும்போது மேஜைவிரிப்பின் மடிப்பை விரலால் நீவி விட்டுக்கொண்டே இருந்தார். வாசலில் பூட்டிய தபால் பெட்டி இருந்தது, மேலே ஓடு இருந்தது, மாடிக்குப் படிக்கட்டுக்கூட இல்லை.

"அவ நல்லவ சார். தெரியாம பண்றா. எனக்குக் கோவமே கிடையாது," என்றார். "அஞ்சு வருஷமா ஒரு வார்த்த கேட்டதில்ல நான்."

அது உண்மை. குழந்தை இறந்த நாளிலிருந்து அவர் மனைவியை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. சண்டை போடுகிற வீடுகளில்கூட மனிதர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். இந்த வீட்டில் சுவர்க்கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் இங்க இருக்க முடியுமா? உங்க அக்காவும் இருக்கட்டும்," என்றார் ஆமையார்.

"தாராளமா," என்றார் கணவர்.

*

சனிக்கிழமை எல்லோரும் வந்திருந்தார்கள். கணவர், நாத்தனார், ஒரு கோப்போடு கம்பெனி மேலாளர். அந்தப் பெண் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டிய பை கட்டித் தயாராகச் சுவரோரம் நின்றது. கட்டியது கணவர்.

ஆமையார் ஐந்து உறைகளையும் மேஜையில் பரப்பினார்.

"முதல்ல அம்மா கேட்டதுக்குப் பதில். நீங்க எழுதல. யாருமே எழுதல. புதுசா அட்டை வந்திருந்தா ஒவ்வொரு வருஷமும் புது நம்பர் விழுந்திருக்கும். அஞ்சுலயும் ஒரே நம்பர். இந்தப் பேர் ஒரு தடவகூடப் பட்டியல விட்டுப் போகல."

அந்தப் பெண் மூச்சை வெளியே விட்டாள். மச்சினன் அவளைப் பார்த்துத் தலையாட்டினான்.

"அப்ப அக்கா எழுதின பதிவேடு?" என்றார் கணவர்.

"அதுவும் நிஜம். மொதல் பொறந்தநாளைக்கு இந்த வீட்டுக்கு ரெண்டு கடுதாசி வந்திருக்கு. ஒரே வீட்டுக்கு ரெண்டு அனுப்பாத கம்பெனி ஏன் அனுப்பினாங்க? ஏன்னா இந்த வீடு ரெண்டு இடத்துல இருந்துது. ஒண்ணு முழுப் பேர்ல, பெரிய பட்டியல்ல. அதைக் குழந்தை போன வருஷமே எடுத்தாச்சு. அதுக்கப்புறம் நாலு வருஷமும் அக்கா அதே இல்லாத பேரைத்தான் திரும்பத் திரும்ப எடுத்திருக்காங்க. ஒழுங்கா கையெழுத்தும் போட்டிருக்காங்க. இன்னொண்ணு சிட்டுங்கற பேர்ல இருந்துது. அதை எடுக்கற பதிவேடு அது இல்ல."

மேலாளர் நெளிந்தார்.

"சார், நூத்துக்கு ஒண்ணுகூடத் தப்பாதுன்னு சொன்னீங்க. மாடியே இல்லாத வீட்டுக்கு மாடின்னு போட்டு ஆறு வருஷமா போகுது, யாரும் திருத்தல. அது தப்பா?"

"தப்பில்ல," என்றார் மேலாளர் மெதுவாக. "நாங்களே போட்டது. அதுக்குக் காவல் பேர்னு சொல்லுவோம். பட்டியலுக்குள்ள நாலஞ்சு பேரை நாங்களே நட்டு வெப்போம், நம்பிக்கையான ஊழியர்களோட வீட்டுல. அட்ரஸ்ல வேணும்னே சின்னதா ஒரு பொய் சேப்போம். அந்தப் பொய்யோட வேற கம்பெனி கடுதாசி வந்துச்சுன்னா எங்க பட்டியல் திருடு போயிடுச்சுன்னு அர்த்தம். பொம்மைக் கம்பெனிக்காரன அப்படித்தான் புடிச்சோம். காவல் பேர் தனி ஏட்டுல இருக்கும். நீக்கல் அதைத் தொடாது."

"அந்தப் பொம்மைக் கடுதாசி மட்டும் அம்மா தட்டுக்கு வராம அக்கா கைக்குப் போச்சு," என்றார் ஆமையார். "அது அழறதுக்கு வந்த கடுதாசி இல்ல. வேலைக்கு வந்தது."

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். அவள் இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை.

"குழந்தை இருந்தப்பதான் நட்டேன். ஆசையா, அவ செல்லப் பேர்லயே. அப்புறம் வேற வீடு தேடணும், நம்பகமான ஆளா பாக்கணும். அந்தப் பேர் நல்லா வேலை செஞ்சுது. எடுக்கத்தான் போனேன். எடுக்க வேண்டாம்னு சொன்னாங்க."

"பாத்தீங்களா அத்தான், நான் அன்னிக்கே சொன்னேன் இவங்கதான்னு," என்று மச்சினன் எழுந்துவிட்டான்.

"உக்காரு மச்சான். யார் வேண்டாம்னு சொன்னதுன்னு கேளு." ஆமையார் கணவர் பக்கம் திரும்பினார். "பொட்டிச் சாவி உங்ககிட்ட இருக்கு. வருஷத்துல எந்த மாசம் அந்தக் கடுதாசி வரும்னு உங்களுக்குத் தெரியும். பொண்டாட்டிமேல பரிதாபம் இருக்கறவன் அதைக் கிழிச்சுப் போட்டிருப்பான். அஞ்சு தடவ அவ தட்டுப் பக்கத்துல கொண்டு வந்து வெச்சிருக்கீங்க. கம்பெனிக்காரர் ஒரு காகிதம் கொண்டு வந்திருக்கார்."

மேலாளர் கோப்பைத் திறந்தார். காவல் பெயர் நடப்படும் வீட்டின் தலைவர் வருடத்துக்கொரு முறை கொடுக்க வேண்டிய சம்மதப் படிவங்கள். குழந்தை இறந்த பிறகு ஐந்து. ஐந்திலும் கணவரின் கையெழுத்து, மருந்துச் சீட்டு எழுதிப் பழகிய சின்னத் தெளிவான எழுத்தில். 'மாற்றம் ஏதேனும் உண்டா?' என்ற கேள்விக்கு ஐந்து முறையும் 'இல்லை' என்று எழுதியிருந்தார்.

கணவர் மறுக்கவில்லை. மேஜைவிரிப்பை நீவிக்கொண்டே பேசினார்.

"குழந்தை போன மூணாம் மாசம், பக்கத்து வீட்டுப் பொண்ணு என்னவோ சொன்னதுக்கு இவ சிரிச்சா. கொல்லையில துணி காயப்போட்டுட்டு. நான் உள்ளேர்ந்து கேட்டேன். நல்லா சத்தமா சிரிச்சா." மனைவியைப் பார்க்காமலே சொன்னார். "நான் அடிக்கல, திட்டல. வருஷத்துல ஒரு நாள் ஞாபகப்படுத்தினேன். தபால் வாங்கப் போனவதானே. தபால்லயே வரட்டும்னு விட்டேன்."

"அப்ப ஆஸ்பத்திரி?" என்றான் மச்சினன்.

"இந்த வருஷத்தோட ஏழு முடியுது. இனிமே கடுதாசி வராது இல்லயா," என்றார் கணவர். அதற்குமேல் விளக்கம் தேவை என்று அவருக்குத் தோன்றவில்லை.

இப்படி ஒரு மனிதனை என்ன செய்வது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. வீட்டுக்கு வந்த கடிதத்தை உரியவரிடம் கொடுத்தார். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டார். பொறுக்கிகள் நம் கையில் அகப்பட்டால் அடித்தாவது ஆத்திரம் தீரும். இவரைத் தொட்டால் நம் கைதான் கூசும்.

அந்தப் பெண் எழுந்து வந்தாள். கணவரிடமும் நாத்தனாரிடமும் போகவில்லை. மேலாளர் முன்னால் நின்றாள்.

"இனிமே வராதுதானே?"

"எங்ககிட்டேர்ந்து வராது அம்மா. இன்னிக்கே எடுத்துடறேன். மன்னிச்சுடுங்க." மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஆனா, ஏழு வயசுப் பட்டியல போன மாசமே வாடகைக்கு விட்டாச்சு. ஸ்கூல் பை விக்கறவங்க, டியூஷன்காரங்க, சைக்கிள் கம்பெனி. காவல் பேரும் கூடவே போகும். போனாத்தானே காவல். அவங்க இன்னும் நாலு பேருக்குக் குடுப்பாங்க. யார் யார்னு எனக்கே தெரியாது."

"எத்தனை வயசு வரைக்கும் வரும்?"

மேலாளர் ஆமையாரைப் பார்த்தார். ஆமையார் உறைகளைப் பார்த்தார்.

"காலேஜ், அப்புறம் கல்யாண மண்டபம், நகைன்னு போயிட்டே இருக்கும்," என்றார் மேலாளர் கடைசியில். "ஒவ்வொருத்தருக்கும் நீங்க எழுதிப் போட்டா நிறுத்துவாங்க. இந்தக் குழந்தை இப்ப உயிரோட இல்லன்னு."

"நான் எழுதணுமா," என்றாள் அவள். கேள்வியாகக் கேட்கவில்லை.

அவள் சுவரோரம் கட்டி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டாள். அவளை எங்கேயோ அனுப்புவதற்காக அவளுடைய கணவர் அவ்வளவு நேர்த்தியாக மடித்து அடுக்கிய பை. அதோடு வெளியே நடந்தாள்.

*

அவளுக்கு இடம் பார்த்துக் கொடுத்தது மச்சினன்தான். ஊரின் மறுகோடியில், பள்ளிக்கூடமோ கடைத்தெருவோ பக்கத்தில் இல்லாத ஒரு வீட்டின் மேல்தளத்தில் ஒற்றை அறை. கீழே வீட்டுக்காரி தனியாக இருந்தாள். ஆமையார் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார்.

"வீடு மாறினதா தபால் ஆபீசுக்கு எழுதாதீங்க அம்மா. யாருக்கும் எழுதாதீங்க. பழைய வீட்டோட நிக்கட்டும்."

அவள் எழுதவில்லை. துணி தைத்துக் கொடுத்தாள். மூன்று மாதம் கழித்து அவள் ஒரு நாள் சிரித்தாள் என்று வீட்டுக்காரி மச்சினனிடம் சொல்ல, அவன் அதை ஓடிவந்து ஆமையாரிடம் சொன்னான். வாசல் மணி அடித்தால் இப்போது படியிறங்கி வருகிறாளாம். இரண்டு பேரும் அன்று சந்தோஷமாக இருந்தார்கள். இப்படியே இன்னும் பல மாதங்கள் போயின.

மறு வருடம், சிட்டு பிறந்த அதே மாதத்தில் அந்த வீட்டுக்காரியே நேரில் வந்தாள். ஒரு உறையை ஆமையாரிடம் நீட்டினாள்.

"இதப் பிரிச்சதுலேர்ந்து ரெண்டு நாளா கதவைத் திறக்க மாட்டேங்கறா சார். உள்ள மெஷின் சத்தம் மட்டும் கேக்குது. ஜன்னல் வழியா பாத்தேன். சின்னக் கவுனா தெச்சு அடுக்கிட்டு இருக்கா. ஒண்ணவிட ஒண்ணு பெருசா."

பள்ளிக்கூடப் பை விற்கும் கம்பெனியின் உறை. 'உங்கள் சிட்டுவுக்கு எட்டு வயது!' என்று சிவப்பில் அச்சிட்டிருந்தது. ஆமையார் முகவரிச் சீட்டைப் பார்த்தார். சிட்டுவின் அம்மா, மாடி. அதன் கீழே பழைய எண் பதினான்கு இல்லை. புது வீட்டின் எண், புதுத் தெரு, எல்லாம் சுத்தமாக இருந்தது. வருடக்கணக்கில் பொய்யாக இருந்த மாடிகூட இப்போது மெய்யாகிவிட்டது. அவருடைய முப்பது வருட வேலையில் இவ்வளவு சரியான முகவரியைப் பார்த்ததில்லை.

ஓரத்தில் பொடி எழுத்தில், வாடிக்கையாளர் வீட்டார் கொடுத்த தகவலின்படி திருத்தப்பட்டது என்று இருந்தது.

"அவ இருக்கற எடம் அவ புருஷனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று பக்கத்திலிருந்த மச்சினனிடம் கேட்டார் ஆமையார். "நாம மூணு பேரத் தவிர யாருக்கும் தெரியாதே."

மச்சினன் வழக்கமாகக் கையில் இருக்கும் நோட்டைக் கீழே வைத்தான்.

"தையல் மெஷின் அங்கயே நின்னுடுச்சு அத்தான். அது இல்லாம அவங்க பொழப்பே ஓடாது. மருந்துக்கடைக்கே போய் கேட்டேன். ரொம்ப மரியாதையா பேசினார். அன்னிக்கே எண்ணெயெல்லாம் போட்டுத் துடைச்சு அனுப்பறேன்னார்," என்றான். "எங்க எறக்கணும்னு அட்ரஸ் கேட்டார். நான்தான் எழுதிக் குடுத்தேன்."